கடைசி வரியில் ஒரு 'ப்ரேயத்'

ஆங்கிலத்தில் 'ப்ரேயத்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. 'ப்ரே' என்ற சொல்லுக்குப் பழங்காலத்து வால் ஒன்றை ஒட்டவைத்தால் வருவது. வேண்டுகிறார், பிரார்த்திக்கிறார் என்று பொருள். அதைப் பெற்ற நாட்டிலேயே யாரும் அதைப் பேசிப் பல தலைமுறைகள் ஆகியிருக்கும். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஜில்லா ஆபீசுகளுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், அறுபதுகளின் நடுவில் அது ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் சௌக்கியமாக இருந்தது. அதற்குச் சோறு போட்டு வளர்த்தவர் என் கணவர். டைப் அடித்தவள் நான்.

மனு எழுதுவது எங்கள் தொழில். இவர் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார், நான் மெஷினில் அடிப்பேன். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, மழை வந்தால் மெஷினை மூட ஒரு ரப்பர் துணி. அவ்வளவுதான் எங்கள் ஆபீஸ். கீரப்பாளையத்திலிருந்து வாய்க்கால் தகராறு வரும். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்ததும் குமராட்சிப் பக்கத்து ஜனங்கள் வரித் தள்ளுபடி கேட்டுச் சேற்றுக் காலோடு வருவார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்தான். ஆனால் இங்கிலீஷில் போனால்தான் காகிதம் மேஜையின் மேல் இருக்கும், தமிழில் போனால் கீழே போய்விடும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. இவருக்கு அந்த நம்பிக்கை அவர்களைவிட ஜாஸ்தி.

இவரிடம் ஒரு மாதிரி மனுப் புத்தகம் இருந்தது. அட்டை போய், முதல் இருபது பக்கமும் பூச்சி தின்று, யார் எழுதியது என்றே தெரியாத புத்தகம். அதன்படி, மனு என்றால் 'தாழ்மையுடன் தெரிவிப்பது' என்பதற்கு 'ஷோவத்' என்று தொடங்க வேண்டும். 'மனுதாரர், கடமைப்பட்டவராக, தங்களுக்காக என்றென்றும் பிரார்த்திக்கிறார்' என்று 'ப்ரேயத்' போட்டு முடிக்க வேண்டும். ஏன் அப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டு நானே மாட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் ராஜாவிடம் மனுப் போடுகிற ஏழைக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் கிடையாதாம். நிலம் கிடையாது, சேனை கிடையாது, வாய் ஒன்றுதான் உண்டு. அதனால் 'நீ எனக்கு இதைச் செய், நான் உனக்காகக் கடவுளிடம் கேட்கிறேன்' என்று எழுதிக் கொடுப்பானாம். ராஜாவும் அதை ஒரு சரக்காகவே மதித்து வாங்கிக்கொள்வாராம். "அது சொல்லு இல்ல, ஒப்பந்தம்" என்றார் இவர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் எதிர் ஆபீசில் கடைசி வரி வரைக்கும் மனுவைப் படித்த ஒரு மனிதரையும் நான் அதுவரை கண்டதில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் முதுநகர் மாதா கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. ஒரு பென்ஷன் மனுவில் 'ப்ரேயத்'தை எடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக 'தேங்கிங் யூ' என்று அடித்து வைத்திருந்தேன். இவர் அதைக் கண்டுபிடித்து, மூன்று கார்பன் பிரதியோடு முழுசாகத் திரும்ப அடிக்கவைத்தார். விரல் நுனியெல்லாம் நீலம். ஒரு வார்த்தையும் பேசாமல் அடித்துக் கொடுத்தேன். பேசாமல் இருந்தேன் என்றால் உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷமாகியும் அந்த மனிதருக்கு அது புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்த அக்கா வந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இடியாப்பக் கடை போட்டிருந்தவர். முஸ்லிம். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, கையில் ஒரு நோட்டீசை நாலாக மடித்துப் பிடித்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் ரங்கூனில் கடை வைத்திருந்து, அங்கே இந்தியர்கள் எல்லாரையும் விரட்டியபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் திரும்பி வந்தவர். வந்த நாளிலிருந்து மூச்சிரைப்பு. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். தேங்காய்ப் பாலும் இடியாப்பமும்தான் அத்தனை பேரையும் தூக்கி நிறுத்தியிருந்தது. இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறோம், மாத முடிவுக்குள் கடையை எடுத்துவிடு என்று நோட்டீஸ். ஒரேயடியாக எடுக்காமல், சாக்கடைக்குப் பின்னால் இருக்கிற புறம்போக்கில் பத்தடி தள்ளிப் போட்டுக்கொள்ள விட வேண்டும், இதுதான் அவர் கேட்டது. பஸ் ஸ்டாண்டை விட்டுப் போனால் அவரிடம் யார் வந்து இடியாப்பம் தின்பார்கள்?

இவர் எழுதினார், நான் அடித்தேன். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மனுவைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டுத்தான் விரலை வாங்க வேண்டும் என்பது வழக்கம். படிப்பது என் வேலை. கடைசி வரி வந்ததும் நான் எப்போதும் "மத்தபடி மரியாதையா முடிச்சிருக்கு" என்று பூசி மெழுகிவிடுவேன். அன்றைக்கு இருந்த கோபத்தில், இவருக்கு உறைக்கட்டும் என்றே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். "இந்தத் தயவுக்காக, கடமைப்பட்ட நான், தங்களுக்காக, என்றென்றும், பிரார்த்தனை செய்கிறேன்."

மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்திருந்த அக்கா அதை எடுத்துவிட்டார்.

"இன்னொரு தரம் படி தங்கச்சி."

படித்தேன்.

"இத நான் சொல்லலியே. எடுத்துடு."

அது சும்மா மரியாதைக்குப் போடுகிறது, எல்லா மனுவிலும் உண்டு என்று இவர் சமாதானம் சொன்னார். அக்கா மைபட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தார். "துஆ கேக்குறேன்னு எழுதிக் குடுத்துட்டு சும்மா இருக்கறதா? வெரல வச்சிட்டா அது எம்மேல அமானிதம் சார், நெறவேத்தியே ஆகணும். நாளைக்கு அல்லாகிட்ட போயி நின்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

இவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. ஆனால் வரியை எடுக்கவும் இவர் சம்மதிக்கவில்லை. வால் இல்லாத மனு வாசலிலேயே நின்றுவிடும் என்று சாதித்தார். கடை போனால் குடும்பமே போய்விடும் என்று அக்காவுக்கும் பயம். கடைசியில், வரி இருக்கட்டும், ஆனால் செய்யக்கூடியதை மட்டும் எழுது என்றார். அதற்குப் பிறகு நடந்தது மாட்டுச் சந்தையில் நடக்கிற பேரம் போல இருந்தது. யாருக்காகக் கேட்க வேண்டும், அவர் பேர் என்ன என்று முதலில் கேட்டார். பேர் தெரியாமல் எப்படி துஆவில் சொல்வது என்றார். எதிர் ஆபீசில் இந்த மனுவைப் பார்க்கப் போகிற அதிகாரியின் பேரைச் சொன்னோம். அவர் இந்துவாயிற்றே, பரவாயில்லையா என்று நான் கேட்டேன். அது அல்லாவுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்றார். புத்தகத்தில் அது போடவில்லை என்று இவர் முழித்தார்.

"விடிய எழுந்து மாவு வறுக்கணும். அஞ்சு வேளையும் நின்னு கேக்க நேரமில்ல. கடைசித் தொழுகைக்கு அப்புறம் ஒரு தரம் கேக்குறேன். ஒரு வருஷம். அதுக்கு மேல முடியாது."

அந்த அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் சும்மா விளையாட்டாகக் கேட்டேன். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் சொன்னத படிச்சாருல்ல? அந்தச் செரமத்துக்கு ஒரு மாசம் கேக்குறேன்."

அப்படியே எழுதினோம். மனுதாரர் கடமைப்பட்டவராகத் தினம் ஒருமுறை வீதம் ஒரு வருடத்துக்கும், மனு நிராகரிக்கப்பட்டால் ஒரு மாதத்துக்கும் பிரார்த்திக்கிறார். இவர் அந்த 'ப்ரேயத்'தை எழுதும்போது பல் பிடுங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். நான் அதைப் போல வேகமாக எந்த வரியையும் அடித்ததில்லை. அக்கா முழுசையும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டு, நிதானமாக விரலைப் பதித்தார்.

கோபம் ஆறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வீட்டுக்குப் போகும்போது கெடிலம் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இவர் சொன்னார், அந்த வரியை அதிகாரி கேலி என்று நினைத்துவிட்டால் அந்த அம்மாவின் கடை போச்சு என்று. நான் வழக்கம்போல மெழுகிவிட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. புருஷன் மேல் இருந்த ஆத்திரத்தில் மூன்று பெண் பிள்ளைகளின் சோற்றில் கை வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. அன்றைக்கு ஜெபமாலை சொன்னேன். பாதி மணியில் நாளைக்கு என்ன குழம்பு என்று மனசு ஓடியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, நேரில் வரவேண்டும் என்று அக்காவுக்குத் தபால் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்கு வந்தார். இவரை மெஷினுக்குக் காவல் வைத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

அந்த அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி. எங்கள் மனு அவர் முன்னால் இருந்தது. கடைசி வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு. இதை யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் டைப் அடித்தேன், தப்பு என்னுடையது, இந்த அம்மாவுக்கு அதில் சம்பந்தமில்லை என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் சொல்லித்தாங்க எழுதுனாங்க. தப்பெல்லாம் இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து தனக்காக என்றென்றும் பிரார்த்திக்கிற ஜனங்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், அத்தனை பேரும் நிஜமாகவே கேட்டிருந்தால் தான் இந்நேரம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும் என்றார். சொல்லும்போது சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுத்தாலும் ஒரு மாதமா என்று கேட்டார். ஆமாம் என்றார் அக்கா.

"எனக்காக என்னம்மா கேப்பீங்க?"

"உங்களுக்கு என்னா வேணும்னு சொல்லுங்க. தெரியாம எத கேக்குறது?"

அவர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வேண்டாம் என்றார். அக்கா நகரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். வெளியே டவாலி போட்ட சேவகன் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"குழந்தை இல்லை. எட்டு வருஷமாச்சு."

"அப்ப அதயே கேக்குறேன்" என்றார் அக்கா, எத்தனை இடியாப்பம் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி.

அடுத்த வாரம் அதிகாரி சிதம்பரம் போய் இடத்தைப் பார்த்தார். அக்காவின் கடை சாக்கடைக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போனது. சாலையும் அகலமானது, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. புது இடத்தில் ஒரு வேப்பமர நிழல்கூடக் கிடைத்தது.

அந்த வருஷம் நாங்கள் சிதம்பரம் போகும்போதெல்லாம் அங்கேதான் காலைப் பலகாரம். கடைத் தட்டியில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். ராத்திரிக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோய், துஆ முடித்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பாராம். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் இரண்டு தரம் கேட்டு, இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்தாராம். இவர் அதைக் கேட்டதிலிருந்து 'ப்ரேயத்' எழுதும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி, எதிரே இருக்கிறவரைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் மெழுகுவதை விட்டுவிட்டேன். கடைசி வரியை எல்லாருக்கும் படித்தேன். முக்கால்வாசிப் பேர் சரி சரி என்று விரலை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வருஷம் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ஆபீசெல்லாம் விட்டு, நான் மெஷினைத் துடைத்து மூடுகிற நேரம், அந்த அதிகாரி நடந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சு. இவர் பதறி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"ஒரு மனு அடிக்கணும்."

யாருக்கு என்று இவர் கேட்டார். அவர் சொன்னார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு, இடியாப்பக் கடை அம்மாளுக்கு.

அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்று படுக்கையில் போட்டிருக்கிறார். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷக் கெடு முடிந்து பத்து நாளாகிவிட்டது, கேட்கலாமா கூடாதா என்று பத்து நாளாக யோசித்தேன் என்றார். இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக்க வேண்டும். வாயால் கேட்டால் அதிகாரி கேட்கிறாரே என்று அந்த அம்மாள் பயந்து செய்வதாக ஆகிவிடும், அதனால் முறைப்படி எழுதிக் கேட்கிறேன் என்றார். இவர் காகிதத்தை எடுத்து 'ஷோவத்' என்று தொடங்கினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதினார். நான் அடித்தேன். கடைசி வரியில், மனுதாரர் கடமைப்பட்டவராக, தங்களுக்காக என்றென்றும் பிரார்த்திக்கிறார். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். கூட்டம் குறைகிற வரைக்கும் காத்திருந்து, அடுப்புப் பக்கத்தில் நின்று அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தேன். ஏழாம் மாதம் என்று வந்த இடத்தில் அக்கா கரண்டியை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. துப்பட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் படி என்றார். கடைசி வரி வரை படித்தேன்.

"ஒரு வருஷம்னு போடலியா?"

"இல்லக்கா. என்னிக்கும்னு போட்டிருக்காரு."

"படிச்ச மனுசன். இப்பிடியா ரோசன பண்ணாம கையெழுத்துப் போடுவாரு?" என்று வருத்தப்பட்டார். அப்புறம் கேட்டார், "பேனா இருக்கா?"

இருந்தது. அந்த 'என்றென்றும்' என்பதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். பாவம், அவரைக் காலத்துக்கும் மாட்டி வைக்கக் கூடாது, ஒரு வருஷம் என்று மாற்று என்றார். நான் மாற்றினேன். பஸ் ஸ்டாண்டில் மைப்பெட்டிக்கு எங்கே போவது? என் பேனா மையை அவர் கட்டைவிரலில் தடவினேன். திருத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே விரலை வைத்தார். மனு சம்மதமாயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, நீங்கள் இன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். அக்கா தட்டியில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். நேற்று வரைக்கும் தாள் கிழிந்திருந்தது.

"வருஷம் முடிஞ்சதுதான். நிறுத்த வரல தங்கச்சி."

அதை நான் அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். அவர் திருத்திய மனுவை வாங்கி, அந்த நீல விரல் அடையாளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, எப்படிக் கேட்பது என்றே தெரியாது என்றார். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த தடவை போனபோது கேட்டும் வந்தேன். தெரிந்த மாதிரி கேட்கச் சொல்லு என்றுதான் அவர் சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தொட்டில் போட்ட நாளன்று அந்த வீட்டுக்கு ஒரு கூடை இடியாப்பம் போயிற்று. கொஞ்ச மாதத்தில் அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு போய்விட்டார். நாங்கள் வழக்கம்போல மரத்தடியில் வாய்க்கால் தகராறுகளோடு இருந்தோம்.

ஒருநாள் மரத்தடி முகவரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. தமிழில் மூன்றே வரி. குழந்தை நடக்கிறாள். என் வருடம் முடிந்துவிட்டது. எனக்கும் நிறுத்த வரவில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்.

சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அக்கா யாருக்கோ தேங்காய்ப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கிண்ணம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"யாருக்காக கேக்குறாராம்? அவரு பிள்ளைக்கா?"

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். அதில் போடவில்லை. ஆனால் மனுவில் 'தங்களுக்காக' என்று அடித்தது என் விரல்தானே. எனக்குத் தெரியும்.

"உங்களுக்காகத்தான்க்கா."